பெரியவன் வைத்திருந்த பிரதி

நான்கு வரிகளும் நான்கு விதமாக இருந்தன. ஜோவிதா கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். அப்படியும் நான்கு விதமாகத்தான் இருந்தன.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஜோவிதாவுக்குத் தெரியும். கணபதி என்கிற பட்டறைப் பகுதியில், ஒரு மோட்டார் பம்ப் பட்டறையின் மேல்மாடியில், கோழிப்பண்ணைகள், தறிக்கூடங்கள், நூல் கிடங்குகள் இவற்றின் கேமராப் பதிவுகளைச் சேமித்துத் தருகிற சின்னக் கம்பெனி அது. நான்கு மெஷின்களை ஒரே இரும்புச் சட்டத்தில் அடுக்கி, ஒன்றோடொன்று கோர்த்திருந்தார்கள். வருகிற ஒவ்வொரு பதிவுக்கும் நான்கிலும் ஒவ்வொரு பிரதி இருக்கும். ஒன்று எரிந்துபோனாலும் மற்றவை சாட்சி சொல்லும். அந்தப் பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறாமல் இருக்கின்றனவா என்று தினமும் சோதிப்பதற்குத்தான் ஜோவிதாவுக்குச் சம்பளம். ஒவ்வொரு பிரதியையும் மெஷின் முழுக்கப் படித்து, சுருக்கி, ஒரே ஒரு வரியாக்கித் தரும். பதிவில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி அடியோடு மாறிவிடும். ஒரு மெஷினில் மட்டும் வரி மாறியிருந்தால் டிஸ்க் பழசாகிவிட்டது என்று அர்த்தம்; இன்னொன்றிலிருந்து நகல் எடுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். நான்கும் நான்கு விதம் என்பது அவள் இங்கே சேர்ந்த பிறகு நடந்ததே இல்லை.

அன்றைக்குப் பட்டிப் பொங்கல், மாடுகளுக்கான பொங்கல். இந்துப் பண்டிகைகளுக்கு ஜோவிதா வேலைக்கு வருவது, கிறிஸ்துமஸுக்கும் பெரிய வெள்ளிக்கும் சக ஊழியன் மதன்குமார் வருவது என்று இருவருக்குள் ஒப்பந்தம். கணபதியில் லேத்துகள் ஓய்கிற நாள் அபூர்வம். இரும்பைக் கடைகிற கிறீச்சொலியும், சூட்டில் எண்ணெய் கருகுகிற வாடையும் இல்லாமல் அந்தத் தெரு பட்டப்பகலிலேயே ஆளொழிந்து கிடந்தது. ஜோவிதாவின் அறைக்கு ஜன்னல் கிடையாது. மற்ற நாட்களில் பட்டறைச் சத்தத்தில் அமுங்கிப் போகிற ஒலிகளெல்லாம், அடுக்குக்குள் சுழலும் மின்விசிறிகளின் முனகல், யுபிஎஸ் அவ்வப்போது விடுகிற சொடுக்கு, ஏசியிலிருந்து வாளிக்குள் சொட்டுகிற தண்ணீர், அன்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. அந்தக் குளிரில் அவள் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாறியிருந்தது ஒரே ஒரு பதிவுதான். அதுவும் எந்தப் பண்ணையுடையதும் இல்லை. இந்த ஆபீசின் கேமரா, இந்த அறைக்கு வெளியே வராந்தாவில் மாடிப்படிக்கு மேல் மாட்டியிருப்பது. தேதி இன்றைய தேதி. நேரம் மத்தியானச் சாப்பாட்டு வேளை. ஆனால் அந்த நேரம் இன்னும் வரவில்லை.

கேமராவின் கடிகாரம் முன்னால் ஓடியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி நடப்பதுண்டு.

மேல் அடுக்கில் இருந்த முதல் மெஷினுக்குப் பெரியவன் என்று பெயர். ஆயுத பூஜைக்கு அதன் முகத்தில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் குங்குமம் கறுத்திருந்தது. முதலாளி கிருபாசங்கர் கோபிசெட்டிபாளையத்துத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. கம்ப்யூட்டரையும் காளைமாட்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறவர். கேமராக்களிலிருந்து வருவதெல்லாம் முதலில் பெரியவனுக்குத்தான் வரும், மற்ற மூன்றும் அதைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளும். அதனால் பெரியவனில் எந்தப் பதிவையும் திறக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். போன வருஷம் மதன்குமார் அதில் ஒரு சினிமாவை ஓட்டி, பல்லடத்துக் கோழிப்பண்ணை ஒன்றின் பகல் பதிவு முழுக்கத் தொலைந்து, பண்ணைக்காரர் வந்து போட்ட சத்தம் கீழே பட்டறை வரை கேட்டது. அன்றிலிருந்து பெரியவன் சொன்னால் சரி. தகராறு வந்தால் மற்றவற்றைப் பெரியவனுக்கு ஒத்துப்போக வைப்பார்கள். பெரியவனை யாரும் திறந்து பார்த்ததில்லை.

அந்த வழக்கப்படி ஜோவிதா இரண்டாவது மெஷினில் இருந்த பிரதியைத்தான் திறந்தாள்.

படத்தில் அதே வராந்தா. சுவரோரம் தண்ணீர்க் கேன், மூலையில் கால் உடைந்த நாற்காலி, எதிரே இவள் அறையின் கதவு. இந்தக் கேமராவுக்குச் சத்தம் கிடையாது. கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு கதவு திறந்தது. நீலக் கட்டச் சட்டை போட்ட ஒருவன் யாரையோ கைபிடித்து வெளியே கூட்டி வந்தான். அப்போது படத்தின் அடியோரத்திலிருந்து, மாடிப்படிப் பக்கமாக, ஒரு எவர்சில்வர் மூடி உருண்டு வந்து, வராந்தாவின் நடுவில் ஆடி ஆடி விழுந்தது. நீலச் சட்டை போட்டவன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு அதை எடுக்கக் குனிந்தான். பின்னால் நின்றவன் கையில் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பி இருந்தது, நுனியில் கொக்கி வைத்தது, பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. அது மேலே போய் இறங்கியது. குனிந்தவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். கம்பி மறுபடி இறங்கியது. மறுபடி. விழுந்தவனின் கால்கள் தரையை உதைத்தன, ஒரு செருப்பு தெறித்துப் போனது. கொக்கி எலும்பில் மாட்டிக்கொண்டபோது, அடித்தவன் விழுந்தவனின் முதுகில் காலை ஊன்றி இழுத்து எடுத்து, திரும்ப அடித்தான். இரத்தம் சிமெண்டுத் தரையில் மெதுவாகப் பரவி மூடியைத் தொட்டது. எல்லாம் முடிந்த பிறகு அடித்தவன் நிமிர்ந்து மாடிப்படிப் பக்கம் பார்த்தான். யாரோ அங்கே நிற்பதுபோலப் பார்த்து, இடது கை விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினான்.

அது வெள்ளியங்கிரி. கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன். தினமும் அவளுக்கு டீ வாங்கி வருகிறவர்.

கடைசி அடியில் விழுந்தவனின் தலை திரும்பியிருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. ஜோவிதா குப்பைக்கூடையை இழுத்து அதற்குள் வாந்தி எடுத்தாள். அது மெர்வின். அவள் கணவன்.

போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டும்போது மெர்வின் போனைத் தொடமாட்டான். கல்யாணமான புதிதில் அவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். காலையில் அவன் அனுப்பிய குரல்பதிவு ஒன்று கேட்காமல் கிடந்தது. அழுத்தினாள்.

"ஜோவி, கறிக்கொழம்பு வெச்சுபோட்டேன். டீனாவ பிரத்யுஷா ஊட்ல உட்டுப்போட்டு, உனக்குச் சோறு எடுத்துக்கிட்டு வாரேன். கிறிஸ்துமஸ் சட்டையத்தான் போட்டிருக்கேன், சிரிக்காத."

பிரத்யுஷா பக்கத்து வீட்டுக்காரி. டீனா அவர்களுடைய ஒரே பெண், யூகேஜி படிக்கிறாள். கிறிஸ்துமஸ் சட்டை என்பது ஜோவிதாவே ஒப்பணக்கார வீதியில் பேரம் பேசி எடுத்தது. நீலக் கட்டம்.

மூன்றாவது மெஷினின் பிரதியைத் திறக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். அதே வராந்தா, அதே மூடி, அதே முதுகு. அடிகள்கூட அதே இடத்தில் அதே வேகத்தில் விழுந்தன. ஆனால் நிமிர்ந்து விரலை உதட்டில் வைத்தது கிருபாசங்கர். நான்காவதில் மதன்குமார். செத்தவன் மாறவில்லை. கொன்றவன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இது மதன்குமாரின் வேலை. ஒருவர் உடம்பில் இன்னொருவர் முகத்தை ஒட்டுகிற சாப்ட்வேரை வைத்துக்கொண்டு அவன் ஆபீசில் பண்ணாத கூத்தில்லை. கிறிஸ்துமஸ் அன்று வேலை முடிந்து விருந்துக்கு வந்து மெர்வினை விதவிதமாகப் படம் எடுத்தவனும் அவன்தான். விளையாட்டுக்கும் ஒரு அளவில்லையா என்று அவனைப் போனில் பிடித்து வெளு வெளு என்று வெளுத்தாள்.

"அக்கா, என்ற பொண்டாட்டி வயித்துல இருக்கற கொழந்த மேல சத்தியமுங்க, நானில்லீங்க்கா. பல்லடத்துல மாமனார் ஊட்டுத் தறிக்கூடத்துல நிக்கறனுங்க. பயந்துக்காதீங்க, பெரியவன்ல இருந்து மூணுக்கும் எடுத்துப் போட்டீங்கன்னா செரியாப் போயிருமுங்க."

அவன் குரலில் விளையாட்டு இல்லை. அவளுக்காகக் கவலைப்பட்டது தெரிந்தது.

சொன்னபடி செய்தாள். பெரியவனின் பிரதியை மற்ற மூன்றின் மேலும் எழுதச் சொன்னாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி நின்றது. சோதனையை ஓட்டினாள். நான்கு வரிகளும் நான்கு விதமாக இருந்தன. மறுபடி எழுதினாள். மறுபடி நான்கு விதம். இரண்டாவதில் இருந்ததை அழித்துப் பார்த்தாள். கண்ணெதிரே அது தானாகத் திரும்ப வந்தது. நான்கு பிரதி இருந்தே ஆக வேண்டும் என்பது அவளே எழுதி வைத்த விதி. கேமராவை உடைத்தும் பிரயோசனம் இல்லை, பதிவு ஏற்கெனவே இங்கே இருக்கிறது. கீழே ஓடித் தெருவில் மெர்வினை நிறுத்தலாம். அதற்கு அந்த வராந்தாவைத் தாண்ட வேண்டும். கதவு வரை போய் நின்றாள். கதவோரம், சுவரில் சாய்த்து, அந்தக் கம்பி இருந்தது. கொக்கி. சிவப்புத் துணி. நேற்று சாயங்காலம் வெள்ளியங்கிரி வைத்துவிட்டு மறந்து போனது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். இது என்னிடம் இருக்கும்வரை வேறு யாரும் இதை எடுக்க முடியாது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. தேய்ந்த ரப்பர் செருப்பு, படிக்குப் படி நின்று நின்று ஏறுகிற கால். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"ஏனுங்கம்மணி, அந்தக் கம்பி உள்ள இருக்குதுங்களா? செத்த குடுங்க, ஷட்டர எறக்கோணும்."

அவள் கம்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். செருப்பு இன்னும் இரண்டு படி ஏறியது. கதவைத் தட்டப் போகிறார். அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டே கம்பியை வாங்கப் போகிறார். ஜோவிதா அடுக்கைப் பார்த்தாள். இரண்டாவது மெஷின். அவர் முகம் இருப்பது அதில். அந்த முகம் இல்லாமல் போனால் அவர் அதைச் செய்ய முடியாது. எப்படி அந்த எண்ணம் வந்தது என்று யோசிக்க நேரமில்லை. டிஸ்க்கை உருவி, தரையில் போட்டு, கம்பியின் அடிமுனையால் குத்தினாள். உள்ளே கண்ணாடிபோல ஏதோ நொறுங்கியது.

செருப்புச் சத்தம் நின்றது. ஒரு மூச்சு நேரம் எதுவும் இல்லை. பிறகு கனமான ஒன்று படிகளில் உருண்டது. ஒவ்வொரு படியிலும் மோதி உருண்டது. கடைசியில் ஈரமான விறகை முறிப்பதுபோல ஒரு சத்தம்.

கதவை விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தாள். வராந்தாவுக்கு அப்பால், படி வளைகிற இடத்தில் வெள்ளியங்கிரி கிடந்தார். உடம்பு கவிழ்ந்து கிடந்தது. முகம் மட்டும் கூரையைப் பார்த்திருந்தது. காதிலிருந்து இரத்தம் வழிந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

தாழைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வயதானவர், கால் இடறிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். கிருபாசங்கரைக் கூப்பிட்டாள். அவர் கோபிசெட்டிபாளையத்தில், தோட்டத்துச் சாளை வீட்டில், மாடுகளுக்கு நடுவே இருந்தார். பின்னால் சலங்கைச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. வெள்ளியங்கிரி விழுந்ததைச் சொன்னபோது பதறிப்போனார். ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அவள் பதிவைப் பற்றியும் சொன்னாள். அவர் முகம் அதில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

"அதையெல்லாம் நெனச்சு மனசக் கொழப்பிக்காதீங்க ஜோவிதா. மெஷினுதானுங்க. கீழ இருக்கற மூணையும் கழட்டி வெச்சுபோடுங்க. பெரியவன் ஒருத்தன் நின்னாப் போதும், மத்தத நா வந்து பாத்துக்கறேன்."

அவரே சொன்னார். அவரேதான் சொன்னார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு மூன்றாவது மெஷினை இழுத்தாள். அது வரவில்லை. சட்டத்தின் சறுக்குப் பட்டையில் சிக்கியிருந்தது. கம்பியால் அடித்தாள். மூடித் தகடு உள்ளே மடங்கியது. இரண்டாவது அடியில் உள்ளங்கை கிழிந்தது, வலிக்கவில்லை. கொக்கியை உள்ளே விட்டு டிஸ்க்கை நெம்பி எடுத்தாள்.

போனில் கிருபாசங்கர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். சலங்கைகள் ஒரே சமயத்தில் அலறின. யாரோ மயிலைக் காளையைப் பிடி, மயிலையைப் பிடி என்று கத்தினார்கள். பிறகு கிருபாசங்கரின் குரல். அது வார்த்தை இல்லை. நீளமான, காற்று வெளியேறுகிற குரல். கொம்பு உள்ளே போய்விட்டது, குடல் வெளியே வந்துவிட்டது என்று ஒரு பெண் ஓலமிட்டாள். போன் மண்ணில் விழுந்து கிடந்திருக்க வேண்டும். குளம்புகள் அதன் பக்கத்தில் மிதிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜோவிதா இணைப்பைத் துண்டித்தாள். எதை உடைத்தால் யார் போகிறார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது நான்காவது. பல்லடத்தில் மாமனார் வீட்டுத் தறிக்கூடத்தில் நிற்கிற மதன்குமார். பயந்துக்காதீங்க என்று சொன்னவன். போன மாதம் அவன் மனைவியின் வளைகாப்புக்கு ஜோவிதாதான் கண்ணாடி வளையல் பாக்கெட் வாங்கிப் போனாள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டியது நினைவுக்கு வந்தது.

கீழே தெருமுனையில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சைலன்ஸரில் ஓட்டை விழுந்து, இந்த மாதம் மாற்றுகிறேன் என்று மெர்வின் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வண்டி.

மாதாவே என்னை மன்னித்துவிடு என்றாள். போனை அணைத்தாள், எந்தச் செய்தியும் வந்துவிடக் கூடாது என்று. பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நான்காவது மெஷினை அடித்தாள். அடித்தாள். தகடு கிழிந்து அவள் கன்னத்தைக் கீறியது. பச்சை விளக்கு அணைந்த பிறகும் அடித்தாள். பல்லடம் தூரம், எதுவும் கேட்கவில்லை. அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சோதனை தானாக ஓடி முடிந்து, திரையில் ஒரே ஒரு வரி நின்றது. பிரதி ஒன்று. முரண்பாடு இல்லை.

அவள் அழுதாள். நிம்மதியில் அழுதாள். மெர்வின் பிழைத்துவிட்டான். கொலைகாரர்கள் மூன்று பேரும் இல்லை. பெரியவனில் இருப்பது வெறும் வராந்தாவாகத்தான் இருக்கும். கேனும் நாற்காலியும் கதவும் இருக்கும். அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. சட்டம் போட்டவரே இல்லை, இனி யார் கேட்பது. பெரியவனில் இருந்த பிரதியைத் திறந்தாள்.

வராந்தா. கதவு திறந்தது. நீலக் கட்டச் சட்டை. அவன் கைபிடித்துக் கூட்டி வந்தது ஒரு பெண்ணை. துப்பட்டா கழுத்தைச் சுற்றியிருந்தது. கன்னத்தில் ஒரு கீறல். உள்ளங்கையிலிருந்து இரத்தம் கம்பி வழியாக இறங்கிச் சொட்டியது.

மூடி உருண்டது. அவன் குனிந்தான்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் செய்தாள். காலை முதுகில் ஊன்றி இழுத்ததையும் செய்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஜோவிதாவின் முகம். ஜோவிதாவின் விரல், ஜோவிதாவின் உதட்டில்.

வண்டி கீழே வந்து நின்றது. ஸ்டாண்டு போட்ட சத்தம்.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு அடி. பெரியவனும் போய்விட்டால் படமே இல்லை. மெர்வின் பிழைப்பான். மற்ற மூவரும் போன வழியில் அவள் போவாள். கம்பியைத் தலைக்குமேல் தூக்கினாள். காய்ந்த சந்தனத்தையும் கறுத்த குங்குமத்தையும் குறி பார்த்தாள். காலையில் கிளம்பும்போது டீனா தூக்கக் கலக்கத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றதும், அந்தக் கழுத்தில் அப்போது ஒட்டிய எச்சில் ஈரமும் நினைவுக்கு வந்தன. அடிக்க முடியவில்லை. சாக அவளுக்குப் பயமாக இருந்தது.

நான் நான்தானே என்று நினைத்தாள். என் கை என் பேச்சைக் கேட்காதா. என் புருஷனை நான் ஏன் அடிக்கப் போகிறேன்.

கம்பியை இறக்கினாள். கீழே போட்டுவிடலாம் என்று விரலைப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை.

படியில் கால்கள். நின்றன. மெர்வின் ஐயோ என்றான். வெள்ளியங்கிரியைப் பார்த்துவிட்டான். யாரிடமோ கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னான். பிறகு ஓடி வந்தான். கதவு அதிர்ந்தது.

"ஜோவி, கதவத் தெற. உனக்கு ஒண்ணும் இல்லீல்ல? கண்ணு, கதவத் தெற."

"போயிருங்க. உள்ள வராதீங்க. உங்களக் கும்புட்டுக்கறேன், வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

அவள் அழுவது அவனுக்குக் கேட்டது. அழுகிற மனைவியை விட்டுவிட்டுப் போகிறவன் இல்லை அவன். தோளால் இடித்தான். சின்னத் தாழ்தான். பிய்ந்து விழுந்தது.

நொறுங்கிய மெஷின்கள். இரத்தம். கம்பி. எல்லாவற்றையும் பார்த்தான். அவளுடைய இடது கையைப் பிடித்தான். அவன் கை சூடாக இருந்தது, மசாலா வாசனை அடித்தது.

"வா கண்ணு. மொதல்ல வெளிய வா."

வரமாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். கால் நடந்தது. நிலைப்படியைத் தாண்டியது. கம்பியின் கொக்கி சிமெண்டில் கீறிக்கொண்டே வந்தது.

வராந்தா. கேன். நாற்காலி. படிக்கு மேல் கேமராவின் சிவப்பு விளக்கு.

அதற்கு நேர் கீழே, படத்தில் தெரியாத இடத்தில், டீனா நின்றிருந்தாள். பிரத்யுஷா வீட்டில் இருக்கமாட்டேன் என்று அழுதிருப்பாள். கண்கள் வீங்கியிருந்தன. டிபன் கேரியரை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். வெள்ளை ஷூவின் அடி சிவந்து ஈரமாக இருந்தது. அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். கையை நீட்டினாள்.

கேரியர் சரிந்தது. மூடி கழன்றது.

உருண்டது.

ஆடி ஆடி விழுந்தது.

மெர்வின் கையை விட்டான். குனிந்தான். நீலக் கட்டங்கள் முதுகில் இழுபட்டன.

வேண்டாம் என்று கையிடம் சொன்னாள். கை மேலே போனது.

படத்தில் சத்தம் இல்லை. இங்கே இருந்தது.

டீனா கத்த வாயைத் திறந்தாள்.

ஜோவிதா நிமிர்ந்தாள். மகளைப் பார்த்தாள். இடது கை விரல் தானாக எழுந்து, அவள் உதட்டில் வந்து நின்றது.